டொயோட்டா என்ற பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: சோமனூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். அப்பா 2003இல் வாங்கிய குவாலிஸ் எங்கள் வீட்டில் மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது. அதைக் கொடுத்துவிட்டு வேறொரு கம்பெனியின் ஏழு பேர் வண்டிக்கு மாறினோம். இரண்டாம் வருடத்திலிருந்தே ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்குமாக அலைகிறோம். மறுபடியும் டொயோட்டாவுக்கே போய்விடலாம் என்று தோன்றுகிறது. எனக்கு முன்னால் இருப்பவை மூன்று: கோவையில் ஒரு தரகர் காட்டிய, 1,30,000 கிலோமீட்டர் ஓடிய 2018 மாடல் இன்னோவா கிரிஸ்டா டீசல், கடன் போட்டுப் புதிய ஹைகிராஸ் ஹைப்ரிட், கையிலிருக்கும் பணத்துக்குள் அடங்கும் புதிய ரூமியன். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும். பெரும்பாலும் கோவை, திருப்பூர், பல்லடம். வருடத்தில் சில முறை குடும்பத்தோடு நீண்ட பயணம். தறிக்கென்று வாங்கிய கடன் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பொறியியல் படிக்கும் என் மகனோ, "டொயோட்டா வைத்திருப்பவர்கள் திருப்தி என்று சொல்வது வெறும் பழக்கம். ஜப்பானில் அவர்களே சோதனையில் தில்லுமுல்லு செய்ததை ஒப்புக்கொண்டார்கள். திருப்தி ஆய்வுகள் எல்லாம் காசுக்குச் செய்வது" என்கிறான். அந்தப் பெயரை இன்னும் நம்பலாமா? எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள ஐயா, உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. டொயோட்டாவுக்கு உள்ள நல்ல பெயர் விளம்பரத்தால் வந்ததன்று. ஆனால் அந்தப் பெயர் முகப்பில் ஒட்டியிருக்கும் சின்னத்துக்குச் சொந்தமானதும் அன்று. குறிப்பிட்ட சில வண்டிகளுக்கும், அவற்றைச் செய்த ஒரு முறைக்கும்தான் அது சொந்தம். நீங்கள் எழுதிய மூன்று வண்டிகளும் ஒரே சின்னத்தை அணிந்திருந்தாலும் மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகளில் பிறந்தவை. காப்பீட்டு சர்வேயராகப் பல கம்பெனி வண்டிகளையும் பிரித்துப் போட்ட நிலையில் பார்ப்பது என் தொழில் என்பதால், பெயரை ஒதுக்கிவிட்டு வண்டியைப் பார்க்கும் பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

தறிக்காரரான உங்களுக்கு இந்த நிறுவனத்தின் வரலாறு மற்றவர்களைவிட எளிதாகப் புரியும், ஏனெனில் அது தறியில்தான் தொடங்குகிறது. 1867இல் பிறந்த சாகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன் வாழ்நாள் முழுவதும் தறியையே திருத்திக்கொண்டிருந்தவர். 1924இல் அவர் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறி, ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை, ஓட்டத்தை நிறுத்தாமலே தானே மாற்றிக்கொண்டது. நீளவாட்டில் உள்ள பாவு நூல் அறுந்தாலோ ஊடை அறுந்தாலோ தானே நின்றது. உங்கள் கூடத்தில், நூல் அறுந்தால் கீழே விழும் டிராப் பின் விழுந்ததும் தறி நிற்கும் ஏற்பாடு உள்ளதா, இல்லை பழைய தறிகளில் நெசவாளர் கண்தான் காவலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நூல் அறுந்தது தெரியாமல் ஓடிய தறியில் எத்தனை மீட்டர் துணி வீணாகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிழை பிறந்த இடத்திலேயே ஓட்டம் நிற்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடுதான் பின்னாளில் வண்டித் தொழிற்சாலைக்குள் போனது. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அந்தத் தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ, தறிக் கம்பெனிக்குள்ளேயே 1933இல் மோட்டார் வண்டிப் பிரிவைத் தொடங்கினார். 1937இல் அது டொயோட்டா மோட்டார் என்று தனி நிறுவனமானது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு மனிதர் தாயிச்சி ஓனோ. டொயோட்டாவின் உற்பத்தி முறைக்குத் தந்தை என்று சொல்லப்படும் அவர் முதலில் அந்தக் குடும்பத்தின் நூற்பு, நெசவு ஆலையில் வேலை பார்த்தவர்; 1943இல்தான் வண்டித் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்தார். ஆலையில் ஒரு ஆள் பல இயந்திரங்களைப் பார்ப்பதைக் கண்டிருந்தவருக்கு, லேத் பட்டறையில் ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பது விரயமாகப் பட்டது. தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவுக்கு மட்டும் வர வேண்டும்; கோளாறைக் கண்ட தொழிலாளி யாரையும் கேட்காமல் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம்; நின்ற பிறகு, ஏன் என்ற கேள்வியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டு மூலக் காரணம் வரை போக வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இவை, கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும் விதிகள். வரிசை நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பண நட்டம் அல்லவா?

இது எல்லாம் எடுத்த எடுப்பிலேயே வெற்றியாகிவிடவில்லை. 1950இல் நிறுவனம் திவாலின் விளிம்பில் நின்றது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் முற்றி, கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்ட லாரிகள்தான் கைகொடுத்தன. 1957இல் அமெரிக்காவுக்குப் போன டொயோபெட் கிரவுன், ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்காகச் செய்த கனத்த வண்டி. அங்குள்ள நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் திணறியது, சூடேறியது. சில ஆண்டுகளில் அதை அங்கே விற்பதையே நிறுத்தினார்கள். 1966இல் வந்த கரோலாவுக்குப் பிறகுதான் உலகம் இந்தப் பெயரைக் கவனிக்கத் தொடங்கியது.

"ஜப்பான்காரர்கள் அப்படித்தான், ஒழுங்கானவர்கள்" என்று நம் ஊரில் சொல்வதுண்டு. அதை ஏற்க எனக்கு மனமில்லை. அதற்கு 1984இல் கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட்டில் நடந்ததே சான்று. ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்ட, வேலைக்கு வராதவர்களுக்கும் வம்புக்கும் பேர்போன தொழிற்சாலையை டொயோட்டா அதனுடன் கூட்டாகத் திறந்து, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே மறுபடி வேலைக்கு எடுத்தது. முன்பு அங்கே எது நடந்தாலும் வரிசையை நிறுத்தக் கூடாது. இப்போது நிறுத்தும் கயிறு தொழிலாளியின் தலைக்கு மேலேயே தொங்கியது. ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆனால் வெளிவந்த வண்டிகளின் தரம் குறுகிய காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகளோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது.

வாடிக்கையாளர் திருப்தி என்று நீங்கள் கேட்டதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1989இல் லெக்சஸ் என்ற உயர்விலைப் பிரிவை அமெரிக்காவில் தொடங்கிய சில மாதங்களில், பிரேக் விளக்கு ஒன்றிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் புகார் வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய புகார்கள்தான். ஆனாலும் விற்ற சுமார் 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தார்கள். பலருடைய வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, எரிபொருள் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். புதுப் பெயரை அழித்திருக்கக்கூடிய விஷயம் அந்தப் பெயரையே நிலைநாட்டியது. அடுத்தது 2009. கலிபோர்னியாவில் தரை விரிப்பில் ஆக்சிலரேட்டர் மிதி சிக்கிக்கொண்டதால் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து, மிதித்தால் திரும்பாமல் ஒட்டிக்கொள்ளும் மிதிகள் பற்றிய புகாரும் சேர, உலகம் முழுவதும் பல லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 பிப்ரவரியில் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்து, ஆட்களையும் அமைப்பையும் வளர்க்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் விற்பனையை வளர்த்துவிட்டோம் என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறுதான் காரணம் என்ற சந்தேகத்தை நாசா பொறியாளர்களைக் கொண்டு அமெரிக்க அரசு ஆராய்ந்தது. 2011இல் வந்த அந்த அறிக்கை அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களுக்கும் அரசுக்கும் உண்மையை மறைத்த குற்றத்துக்காக 2014இல் 120 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. 1989இல் கயிற்றை இழுத்தவர்கள் இருபது ஆண்டு கழித்து இழுக்கத் தயங்கினார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

உங்கள் மகன் குறிப்பிடும் சோதனை விவகாரம் இரண்டு வேறு செய்திகள் கலந்தது. 2023 டிசம்பரில் வெளிவந்தது, டொயோட்டாவுக்கு முழுச் சொந்தமான டைஹட்சுவைப் பற்றியது. மோதல் சோதனை உள்ளிட்ட சான்றிதழ் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு நடந்ததை விசாரணைக் குழு கண்டது. 64 மாடல்கள் அதில் அடங்கின. டைஹட்சு செய்து டொயோட்டா பெயரில் விற்றவையும் அவற்றுள் இருந்தன. இதை நான் மிகக் கடுமையான தவறாகவே கருதுகிறேன், ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள எந்த வண்டியும் டைஹட்சுவிடமிருந்து வந்ததில்லை. 2024 ஜனவரியில் வந்த இரண்டாவது செய்திதான் உங்களைத் தொடுகிறது. டீசல் இன்ஜின்கள் சிலவற்றின் குதிரைத்திறன் சோதனையில், விற்கும் வண்டியில் இருக்கும் மென்பொருளுக்குப் பதிலாக வேறு மென்பொருள் ஏற்றிய கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி, அளவுகள் ஏற்ற இறக்கமின்றிச் சீராகத் தெரியும்படி செய்திருந்தார்கள். அந்த இன்ஜின்களுள் கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் இன்ஜினும் ஒன்று. இந்தியாவிலும் கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் ஆகியவற்றை அனுப்புவதைச் சில நாள் நிறுத்திவைத்துப் பிறகு தொடர்ந்தார்கள்.

முறைகேட்டைச் செய்தது எந்த நிறுவனம் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. அது டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். சாகிச்சியின் தானியங்கித் தறியைச் செய்வதற்காக 1926இல் தொடங்கிய அதே கம்பெனி. பெங்களூரு அருகே ஜிகணியில் உள்ள அதன் ஆலை, கிர்லோஸ்கர் குழுமத்தோடு சேர்ந்து நூற்பாலைகளுக்கு ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரம் செய்துகொண்டிருந்தது; கோவை வட்டாரத்து மில்காரர்கள் அந்தப் பெயரை அறிவார்கள். பின்னர் அதே நிறுவனம்தான் கிரிஸ்டாவுக்கு டீசல் இன்ஜின் செய்யத் தொடங்கியது. இந்த விவகாரத்தால் நீங்கள் பார்த்த வண்டி ஆபத்தானதா என்றால், இல்லை. கேள்விக்குள்ளானது சான்றிதழுக்காகத் திறனை அளந்த விதம். இன்ஜின் எத்தனை லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்பது அந்தச் சோதனையில் இல்லை. அது நம் சாலைகளில் டாக்ஸிகாரர்கள் கையில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு கம்பெனியின் சொல்லை அப்படியே நம்பக் கூடாது என்ற உங்கள் மகனின் பாடம் சரியானதே; அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

திருப்தி ஆய்வுகளைப் பற்றி அவர் சொல்வது மட்டும் சற்று அவசரம். ஆய்வு எதை அளக்கிறது என்று பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதுதான் தவறு. ஜே.டி. பவர் நிறுவனத்தின் முதல்நிலைத் தர ஆய்வு, வாங்கிய முதல் 90 நாளில் 100 வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறது. அந்தக் கணக்கில் திரையில் பட்டனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாததும் ஒரு குறை, கியர் விழாததும் ஒரு குறை. அந்த நிறுவனம் வண்டிக் கம்பெனிகளுக்குத் தகவலை விற்றே பிழைக்கிறது என்பதும் உண்மை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்போ விளம்பரம் வாங்காதது. தன் உறுப்பினர்களிடம், இதே வண்டியை மறுபடியும் வாங்குவீர்களா என்று கேட்கிறது. என்ன பழுது வந்தது என்பதைத் தனியாகக் கேட்டு, அதற்கு வேறு பட்டியல் போடுகிறது. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவின் ரிவியன் மின்வண்டிகள் அண்மை ஆண்டுகளில் திருப்திப் பட்டியலின் உச்சியிலும் நம்பகத்தன்மைப் பட்டியலின் அடியிலும் ஒரே நேரத்தில் இருந்தன! பிடித்துப்போன வண்டியின் பழுதை மனிதர்கள் மன்னிப்பார்கள். டொயோட்டாவும் லெக்சஸும் ஆண்டுதோறும் மேலே நிற்பது நம்பகத்தன்மைப் பட்டியலில்தான். நீங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அலைந்து சலித்துப் போனவர், ஆகவே உங்களுக்கு வேண்டிய பட்டியலும் அதுதான்.

நம் நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. பெங்களூரு அருகே பிடதியில் செய்து 2000இல் டொயோட்டா இங்கே விற்கத் தொடங்கிய முதல் வண்டியே உங்கள் குவாலிஸ். இந்தோனேசியாவில் கிராமத்துச் சுமைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துச் செய்த கிஜாங்கின் மறுவடிவம். பெட்டி போன்ற அதன் உடலைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நன்றாக விற்றுக்கொண்டிருந்த நிலையிலேயே 2005இல் அதை நிறுத்தி இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். திருப்தி என்பது ஆளைப் பொறுத்தது என்பதற்கு 2010 டிசம்பரில் வந்த எட்டியோஸைச் சொல்வேன். வாடகை வண்டி ஓட்டியவர்கள் அதைக் கொண்டாடினார்கள், ஏனெனில் அது நிற்கவே இல்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களில் பலர் டேஷ்போர்டின் மலிவான பிளாஸ்டிக்கையும் நடுவில் வைத்த மீட்டரையும் பார்த்து முகம் சுளித்தார்கள். வண்டி ஒன்றே, கேட்கும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறியது.

இனி உங்கள் மூன்று வண்டிகளுக்கு வருகிறேன். ரூமியன் என்பது மாருதி சுசூகி தன் ஆலையில் செய்து டொயோட்டாவுக்குக் கொடுக்கும் எர்டிகா; கிளான்சா பலேனோவாக இருப்பதைப் போல. 2018இல் இரு நிறுவனங்களும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி வண்டிகள் இரண்டு பக்கமும் போகின்றன. மாருதியின் இன்விக்டோ, பிடதியில் செய்த ஹைகிராஸ்தான். எர்டிகா மோசமான வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பராமரிப்புச் செலவு குறைவு, மைலேஜ் நல்லது, பாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் உங்கள் குவாலிஸின் நினைவில் ரூமியனுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதை வாங்குவதானால் எர்டிகாவோடு விலை, உத்தரவாதக் காலம், வீட்டுக்குப் பக்கத்தில் யாருடைய சர்வீஸ் சென்டர் உள்ளது என்ற மூன்றை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மலைப்பாதையில் உழைக்க வேண்டியிருக்கும் என்பதையும், மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் நெடுநேரம் உட்கார முடியாது என்பதையும் சோதனை ஓட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஹைகிராஸ் டொயோட்டாவே வடிவமைத்துச் செய்த வண்டி, ஆனால் பழைய இன்னோவாவின் தொடர்ச்சி அன்று. குவாலிஸ் முதல் கிரிஸ்டா வரை ஏணி போன்ற தனிச் சேஸிஸின் மேல் உடலைப் பொருத்தி, பின் சக்கரங்களை ஓட்டினார்கள். ஹைகிராஸில் சேஸிஸும் உடலும் ஒன்றே; ஓடுவது முன் சக்கரங்கள்; டீசலே கிடையாது. ஓட்டத்தில் அமைதி, குலுக்கல் குறைவு, நின்று நின்று போகும் கோவை நெரிசலில் ஹைப்ரிட்டின் எரிபொருள் மிச்சம் என எல்லாமே உங்கள் அன்றாட ஓட்டத்துக்குப் பொருந்துபவை. ஹைப்ரிட் பேட்டரியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 1997இல் பிரியஸ் வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாட்டைச் செய்துவரும் நிறுவனத்திடம் அந்தப் பயம் எனக்கில்லை. எனக்குள்ள தயக்கம் உங்கள் கடன் மட்டுமே. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தில் மிச்சமாகும் எரிபொருள், வண்டிக் கடனின் வட்டிக்கு ஈடாகாது. தறிக் கடன் ஓடும்போது இன்னொரு பெரிய தவணையை ஏற்றிக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை. அது முடிந்த பிறகு கேட்டிருந்தால் ஹைகிராஸ் என்றே சொல்லியிருப்பேன்.

ஆகவே கிரிஸ்டா, அதுவும் வண்டி சோதனையில் தேறினால் மட்டும். 2018 மாடல், பி.எஸ்.4 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டி என்பது உங்களுக்கு ஒரு வகையில் சாதகம். அதற்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே குறுகிய தூரம் ஓட்டுபவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும் தொல்லை வரும். இதே குடும்ப இன்ஜின்களில் இந்த வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று ஆஸ்திரேலியாவில் வழக்கு நடந்து, 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வைத்திருந்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உங்கள் பட்டியலில் உள்ள வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருந்தது, குறித்த இடைவெளியில் மாற்றியே ஆக வேண்டும். கிரிஸ்டாவில் அது செயின். அதனால் ஒரு செலவு குறைவு.

இனித்தான் கவனம் வேண்டும். இன்னோவாவுக்குள்ள மறுவிற்பனை மதிப்பே அதற்கு எதிரியும் ஆகிறது, ஏனெனில் நல்ல விலை போகும் வண்டியில்தான் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் வேலை அதிகம் நடக்கும். தரகர் சொல்லும் 1,30,000ஐ நம்பாதீர்கள். பதிவு எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் கொடுத்து டொயோட்டா சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தை, தற்போதைய உரிமையாளரின் சம்மதத்தோடு கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்ற வரிசை அங்கே இருக்கும். பாக்கியுள்ள ரீகால் வேலை ஏதேனும் உண்டா என்றும் அப்போதே தெரிந்துவிடும். வண்டியில் கிளட்ச் மிதியின் ரப்பரைப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்பை, இறங்கும்போது உடம்பு உரசும் இடத்தை, விரலால் அழுத்திப் பாருங்கள். மூன்று லட்சம் ஓடிய வண்டியில் அங்கே பஞ்சு செத்திருக்கும். புது சீட் கவர் போட்டிருந்தால் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆர்.சி. விவரத்தை அரசின் எம்-பரிவாகன் செயலியில் பார்த்து, மஞ்சள் போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியா என்று உறுதி செய்யுங்கள். டிராவல்ஸில் ஓடியது என்பதற்காகவே ஒரு வண்டியை நான் ஒதுக்க மாட்டேன், ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் அதுவும் ஓடும். ஆனால் அந்த விலை வேறு, இந்த விலை வேறு. அடுத்து வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்களுக்கு விற்பனைக்குப் போயின. சீட் பெல்ட்டை முழுவதுமாக, இனி வராது என்னும் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறிய வண்டியில் பெல்ட்டின் அடிப்பகுதியில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு இருக்கும். வாட்டர் வாஷ் செய்பவர்கள் அங்கே கை வைப்பதில்லை. முன் இருக்கை நகரும் தண்டவாளத்தின் உட்புறத்திலும் கார்பெட்டுக்கு அடியிலும் வண்டல் தங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

விபத்தைக் கண்டுபிடிக்க என் தொழில் வழி ஒன்று உண்டு. நடப்புக் காப்பீட்டுப் பாலிசியின் நகலைக் கேட்டு, க்ளைம் இல்லாமைக்கான சலுகை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் க்ளைம் வாங்காதவருக்கு அது 50 சதவீதத்தை எட்டும். எட்டு வருட வண்டிக்கு அது பூஜ்யம் என்றால், சமீபத்தில் க்ளைம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது வண்டி அண்மையில்தான் கைமாறியிருக்கிறது. எதுவானாலும் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன் பம்பருக்குப் பின்னால் சேஸிஸின் இரு கொம்புகளும் நேராக உள்ளனவா, வெல்டிங் தடமோ புதுக் கறுப்புப் பெயின்டோ தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்பர், பானெட், முகப்பு விளக்கு மாற்றியது பெரிய குற்றமில்லை. சேஸிஸ் பெண்டு எடுத்த வண்டி என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும், அலைன்மென்ட்டும் நிற்காது.

இன்ஜினைக் காலையில், இரவு முழுவதும் நின்ற நிலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது நீங்களே பக்கத்தில் இருங்கள். தரகர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு மறுநாள் போங்கள். வெள்ளைப் புகை சில நொடிக்கு மேல் நீடித்தாலோ, ஐடிலிங் நடுங்கினாலோ இன்ஜெக்டர் சோதனை தேவை. ஒரு ஜோடி கையுறையும் ஸ்கேனரும் உள்ள மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். தரகர் கொண்டுவரும் ஆள் வேண்டாம். இதில் ஏதாவது ஒன்றில் வண்டி தேறாவிட்டால் விட்டுவிடுங்கள். கோவை வட்டாரத்தில் கிரிஸ்டா விற்பனைக்கு வருவது அரிதான விஷயமன்று, இன்னொன்று வரும்.

வாங்குவது என்று முடிவானால், முன்பணத்துக்கு முன்பே வங்கிக் கடன் பாக்கியில்லை என்ற சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் உரிமையாளரிடம் உள்ளனவா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நேரில் கையெழுத்திட வேண்டும், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுத் தாள்களை ஏற்காதீர்கள். இ-சலான் பாக்கியை அவரே கட்டட்டும். விற்பவரின் க்ளைம் சலுகை உங்களுக்கு வராது என்பதால், காப்பீட்டுத் தொகை அவர் கட்டியதைவிடக் கூடுதலாகும். அதையும் சேர்த்தே விலை பேசுங்கள். பெயர் மாற்றத்தோடு பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.